பழைய லேபலைக் கழற்றக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. "சேகரித்தவர்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு எதிரே யாருடைய பெயர் வரவேண்டும்? சேகரித்தவருடைய பெயர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எங்கள் பல்கலைக்கழகத்தில் மட்டும் பதினொரு வருடமாக அது ஒருவருக்கும் விளங்கவில்லை.

நான் மக்டலின். தாவரவியல் துறையில் எழுதுவினைஞர். இருபத்தாறு வருடச் சேவை. நான் சொல்லவந்தது என்னைப் பற்றியல்ல, கேதீஸ்வரியைப் பற்றி. ஆனால் அவளுக்கு நடந்ததில் என் பத்து விரலுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் கோபம் ஆறமாட்டேன் என்கிறது.

கேதீஸ்வரி களுவாஞ்சிக்குடிக்காரி. கணவன் பிரதீஸ் மேசன் வேலை. காலையில் இரண்டு பஸ் மாறி எட்டரைக்கு முன்னால் வந்துவிடுவாள். உயர்தரம் வரை உயிரியல் படித்தவள், பரீட்சை எழுத முடியாமல் போனவள். ஏன் முடியாமல் போனது என்று எங்கள் பக்கத்தில், யுத்தத்துக்குள் வளர்ந்த அந்த வயதுக்காரர்களிடம் யாரும் கேட்பதில்லை. நிரந்தரமில்லாத அமைய ஊழியராக, போத்தல் கழுவவும் கூட்டவும் எடுத்தார்கள்.

வந்த முதல் மாரியிலேயே ஒரு பெரிய ஆள் வருகிறார் என்று கட்டடத்துக்குப் பின்னாலுள்ள கிணற்றுக் கட்டைத் தேய்த்துக் கழுவச் சொன்னோம். கட்டு முழுக்கப் பாசி. பாசி என்றால் குளத்தில் மிதக்கிற வழுவழுப்பு அல்ல; மழை பிடித்ததும் மதிலிலும் கல்லிலும் பச்சைக் கம்பளம்போலப் படர்கிறதே, அது. அவள் பாதிக் கட்டைத் தேய்த்துவிட்டு, உள்ளங்கையில் இரண்டு துண்டு பாசியோடு எங்கள் துறை விரிவுரையாளர் கலாநிதி உதயரூபனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், இது ரெண்டும் ஒரு சாதி இல்ல. ஒண்டுக்கு இலை சுருளுது, மத்ததுக்குச் சுருளல்ல. இத முழுக்கத் தேய்க்கவா, விடவா?"

அவர் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். இரண்டு சாதிதான். அன்றிலிருந்து போத்தல் கழுவுகிற வேலையோடு பாசி எடுக்கிற வேலையும் அவளுடைய தலையில் விழுந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் போத்தல் கழுவுகிறவளாகவே இருந்தாள்.

எங்கள் மேல்மாடியின் கடைசி அறைதான் ஹெர்பேரியம். இரும்பு அலுமாரி பன்னிரண்டு, கற்பூர உருண்டை மணம், வருடக்கணக்காக உலர்த்தி வைத்த செடிகொடிகள். மற்றச் செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டுவார்கள். பாசியை அழுத்தக் கூடாது. நிழலில் காயவிட்டு, மடித்த காகிதப் பைக்கற்றுக்குள் வைத்து, வெளியே லேபல் ஒட்டவேண்டும். பாசியின் பெயர், எடுத்த இடம், எடுத்த திகதி, சேகரித்தவர். கீழே மூலையில் சின்னதாகத் தட்டச்சு செய்தவரின் எழுத்து. என்னுடையது ஜெ.ம.

கேதீஸ்வரிக்குப் பாசி எடுப்பதில் சொந்தமாக ஒரு முறை இருந்தது. அவள் வீட்டுச் சுவரில், நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற கலண்டர் தொங்கும். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அன்றைய நாளின் தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள். பாசி எடுத்ததும் அந்தத் தாளில் வைத்து மடிப்பாள். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இடத்தை எழுதுவாள். "களுதாவளைக் கோயிலுக்குக் கிழக்கால, பழைய கிணறு, உள்பக்கம், தண்ணிக்கு ஒரு முழம் மேல." பேனாவால் எழுதினால் ஈரத்தில் மை ஊறிவிடும் என்பாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உதயரூபன் சேருக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை.

"ஹெர்பேரியத்துக்குள்ள ராகுகாலமும் சுபநேரமும் என்னத்துக்கு? பாக்கிற ஆக்கள் சிரிப்பாங்க."

"தாள மாத்தினா பாசி நொருங்கும் சேர். ஒருக்கா மடிச்சா மறுகா விரிக்கப்படாது."

"சரி சரி, வெளியால வெள்ளப் பைக்கற் போடுங்க. உள்ளுக்குள்ள என்ன கிடந்தா யாருக்குத் தெரியும்?"

அந்த வார்த்தையை அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மாரி முழுக்க அவள் அலைந்தாள். சனி ஞாயிறு, லீவு நாள், வயல் வட்டைக்குள் போகிற பாதை, வாய்க்கால் மதகு, பாழடைந்த மில் மதில். ஒரு வருடத்தில் ஐம்பது அறுபது பைக்கற். மழை விட்டுவிட்டால் பாசி காய்ந்து மண் நிறமாகிவிடும், சும்மா போகிறவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இடத்தை ஞாபகம் வைத்து அடுத்த மாரிக்குப் போவாள். பிரதீஸ் ஒருநாள் என்னிடம் முறைப்பாடு வைத்தான்: "அக்கா, நான் புதுசாக் கட்டின மதிலப் பாத்து, இதில பாசி பிடிக்க எத்தினை வருசம் செல்லும் எண்டு கேக்கிறாள். எந்தப் பொஞ்சாதி கேப்பா இப்பிடி?"

இவ்வளவும் செய்து பைக்கற்றை மேசையில் வைத்தால், சேர் ஒரு துண்டில் பெயரை எழுதி என்னிடம் தருவார். நான் கணினியில் அடிப்பேன். சேகரித்தவர்: கலாநிதி உதயரூபன். முதல் தடவை நான் கேட்டேன்தான்.

"சேர், இது கேதீஸ்வரி எடுத்ததெல்லோ?"

"திட்டம் என்ட பேர்ல மக்டலின். அவ என்ட ஆள். அப்பிடித்தான் போடுறது."

அப்படித்தான் போடுவதாம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதை. எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு அடித்தேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. பத்தாவது முறை அது எனக்குப் பிழையாகவே தெரியவில்லை. மனிதருக்கு வெட்கம் கெடுவது அப்படித்தான், ஒரேயடியாகக் கெடுவதில்லை.

கேதீஸ்வரியிடமும் கேட்டேன். "உனக்குக் கோவம் வரல்லயா புள்ள?"

"சேர்தானே அக்கா பாசிப் பேரெல்லாம் கண்டுபிடிக்கிற. என்ட பேர் போட்டு என்ன செய்ய?"

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். ஒருமுறை களுதாவளைப் பைக்கற்றுக்கு நான் களுவாஞ்சிக்குடி என்று அடித்து ஒட்டிவிட்டேன். கேதீஸ்வரி கண்டுபிடித்தாள். உரித்துவிட்டு வேறு ஒட்டுவோம் என்று பிளேட் எடுத்தபோது சேர் அறைக்குள் வந்தார். அன்று எங்கள் இருவருக்கும் நின்ற நிலையில் விரிவுரை.

"பழைய லேபலைக் கழட்டவே கூடாது! பிழை எண்டாலும் அது இருக்கவேணும். திருத்தினதைக் கீழ ஒட்டுங்க, திகதி போட்டு. பின்னுக்கு வாற ஆளுக்கு ஆர் என்ன பிழை விட்டது, ஆர் திருத்தினது எண்டு தெரியவேணும். இது ஹெர்பேரியம், உங்கட வீட்டு அலுமாரி இல்ல."

உலகம் முழுக்க ஹெர்பேரியங்களில் அதுதான் சட்டமாம். நல்ல சட்டம். அன்றைக்கு நான் முகம் சிவந்து நின்றேன்.

இனி 2024 பொங்கலுக்கு வருகிறேன். பிரதீஸின் தமையன் உன்னிச்சையில் வயல் செய்கிறவர். பொங்கலுக்குக் குடும்பமாக அங்கே போயிருந்தார்கள். அந்த வருடம் அப்படி ஒரு மழை, குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வழிந்தோடுகிற வான் பாய்ந்தது. பொங்கிப் படைத்த கையோடு இவள் பாசி பார்க்கப் போய்விட்டாள். வானுக்கு அங்கால் பக்கச் சுவரில், நெல்முனை அளவுத் தளிர்களாய் ஒரு பாசி, அதுவரை அவள் கண்ணில் படாத சாதி. எட்டி எடுத்தவள் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் ஆறு தையல். விழுந்தபோதும் பாசியைப் பிடித்திருந்த கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கிடந்தாளாம். தூக்க வந்த பிரதீஸின் தமையன் கையைப் பிடிக்கப் போக, "கைய விடுங்க, காலப் பிடிங்க" என்று கத்தியிருக்கிறாள்.

நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்து சேரிடம் நடந்ததைச் சொன்னாள். சேர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பாசி நனையல்லதானே?"

கடவுளே! நான் கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் ஏதாவது கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

அந்தப் பாசியை ஒரு சிட்டிகை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இந்த நாட்டில் இதற்குமுன் எவரும் பதிவு செய்யாத பாசி என்று பதில் வந்தது. சேருக்கு மாலை, கேடயம், மண்டபத்தில் பாராட்டு. கேதீஸ்வரி அந்தக் கூட்டத்தில் தேநீர் பரிமாறினாள். லேபல் அடிக்கத் தந்தபோது சேர் திகதியையும் மாற்றித் தந்தார். ஜனவரி 15 அல்ல, ஜனவரி 23.

"பொங்கல் திகதி வேணாம். பொங்கலுக்கு நான் குளக்கட்டில நிண்டன் எண்டா ஆர் நம்புவாங்க? அடுத்த கிழமை துறைப் பயணம் போனதுதானே, அந்தத் திகதியப் போடுங்க."

போட்டேன். அதையும் போட்டேன். மூலையில் ஜெ.ம. என்றும் போட்டேன்.

அடுத்த வருடம் பங்குனியில் அறிவித்தல் வந்தது. ஹெர்பேரியத்துக்கு நிரந்தர உதவியாளர் ஒருவர். வயதெல்லை நாற்பத்தைந்து. கேதீஸ்வரிக்கு நாற்பத்துநாலு. இந்த முறை தவறினால் இனி ஆயுசுக்கும் அமைய ஊழியர்தான். எந்த மாதமும் நிற்பாட்டலாம், ஓய்வூதியமும் இல்லை. அறிவித்தலின் நாலாவது வரியில் கிடந்தது வினை: விண்ணப்பதாரி தமது பெயரில் குறைந்தது நூறு மாதிரிகளையேனும் சேகரித்திருத்தல் வேண்டும்.

"அக்கா, என்ட பேர்ல ஒண்டுமில்லயே."

"போடு புள்ள. சேர் நேர்முகச் சபையில இருக்கிறார். அவருக்குத் தெரியாதா? அவர் சொல்லுவார்."

என் வாயால் சொன்னேன் இதை. அவரை நம்பித்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். நேர்முகப் பரீட்சைக்கு நீலச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறும் வைத்துக்கொண்டு வந்தாள். முதல்நாள் களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததாகச் சொன்னாள்.

சபையில் மூன்று பேர். நடுவில் பீடத்துப் பெரியவர், ஒரு பக்கம் உதயரூபன் சேர், மறுபக்கம் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முப்லிஹா மெடம். முக்காடு போட்ட, குரல் உயர்த்தாத பெண். பாசியில்தான் அவருடைய ஆராய்ச்சியும். குறிப்பெடுக்க மூலையில் நான்.

கேள்விகளுக்கெல்லாம் கேதீஸ்வரி நன்றாகப் பதில் சொன்னாள். பாசியை எப்போது எடுப்பது, எப்படிக் காயவிடுவது, பூச்சி பிடித்தால் என்ன செய்வது. முப்லிஹா மெடத்தின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பிறகு அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"உங்கட பேர்ல எத்தின மாதிரி இரிக்கி?"

கேதீஸ்வரி சேரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பதினொரு வருடமாக அவருக்காக ஏறிய கட்டும் இறங்கிய கிணறும் அந்தப் பார்வையில் இருந்தன. சேர் தன் பேனாவின் மூடியைக் கழற்றினார், பூட்டினார். வாயைத் திறக்கவில்லை. 

"ஒண்டுமில்ல மெடம்," என்றாள் கேதீஸ்வரி.

"அப்ப தகுதி..." என்று பெரியவர் விண்ணப்பக் கோவையை மூடப்போனார்.

எழுதுவினைஞர் சபையில் பேசக்கூடாது. கூட்டத்தில் எங்களுக்குக் கைதான் உண்டு, வாய் இல்லை. இருபத்தாறு வருடம் அந்த ஒழுங்கைக் காத்தவள் நான். அன்று கதிரை பின்னால் விழ எழும்பிவிட்டேன்.

"அறுநூற்றிப் பன்னிரண்டு பைக்கற் இருக்கு மெடம். மேல போய் ஏதாவது ஒண்டத் திறந்து பாருங்க. வெளியால இருக்கிறது நான் அடிச்ச பொய். உள்ளுக்க இருக்கிறது இவள்ட கை."

"மக்டலின்!" என்றார் சேர்.

"என்ன சேர் மக்டலின்? முழுப் பூசணிக்காயச் சோத்துக்க மறைக்கலாம் எண்டு நினைச்சீங்களா? இவ்வளவு நேரம் எங்க போன உங்கட வாய்?"

கோபத்தில்தான் சொன்னேன். வீரம் ஒன்றும் இல்லை. முப்லிஹா மெடம் மட்டும் அமைதியாக எழும்பினார். "உன்னிச்சைப் பாசியக் கொண்டாங்க," என்றார். அதைப் பற்றி அவர் வாசித்திருந்தார்.

பைக்கற் வந்தது. மெடம் வெளியே லேபலை வாசித்தார். சேகரித்தவர் கலாநிதி உதயரூபன், ஜனவரி 23. பிறகு இரண்டு விரலால் மெதுவாகத் திறந்தார். உள்ளே கலண்டர் தாள். பொங்கல் பானையும் கரும்பும் சூரியனும் அச்சடித்த தாள். ஜனவரி 15, தைப்பொங்கல். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து: "உன்னிச்சை வான், தெற்குச் சுவர். விழுந்திட்டன். பாசி நனையல்ல."

மெடம் அந்தத் தாளையும் லேபலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சேரின் பக்கம் திரும்பவேயில்லை. கேதீஸ்வரியிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "உன்னிச்சை எண்டு எழுதுங்க," என்றார். அவள் எழுதினாள். கையெழுத்து ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கடதாசி வேலை. லேபல்களைத் திருத்தாமல் நியமனம் பற்றிப் பேசக்கூடாது என்று மெடம் எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார். அறுநூற்றிப் பன்னிரண்டையும் திறந்து பார்த்தோம். ஐந்நூற்று எண்பத்தேழில் கலண்டர் தாளும் பென்சில் எழுத்தும் இருந்தன. மிச்சம் இருபத்தைந்தைக் கேதீஸ்வரியே ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள்.

"இது சேர் எடுத்தது அக்கா. மலைநாட்டுக்குப் போன நேரம் அவர்தான் எடுத்தவர். அவர்ட பேர் இருக்கட்டும்."

"உனக்கு என்ன விசரா புள்ள? அவர் உனக்குச் செய்ததுக்கு?"

"அவர் எடுத்தத நான் எடுத்ததெண்டு எப்பிடிச் சொல்லுற?"

இந்த ஒரு வசனம் தெரிந்திருந்தால் போதுமே அந்த மனிதனுக்கு! எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

நான் புது லேபல்களை அடிக்கத் தொடங்கினேன். சேகரித்தவர்: பி. கேதீஸ்வரி. அவள் பக்கத்தில் இருந்து ஒட்டினாள், பழைய லேபலுக்குக் கீழே, திருத்திய திகதியோடு. ஒரு கிழமையில் முந்நூறு முடிந்தது. அப்போதுதான் ஒரு பின்னேரம் உதயரூபன் சேர் அறைக்குள் வந்தார். வந்தவர் உட்காரவில்லை. ஒரு பைக்கற்றை எடுத்துப் பார்த்தார். மேலே அவருடைய பெயர், கீழே அவளுடைய பெயர்.

"மக்டலின், இதப் பாக்கிறதுக்கு ஒரு மாதிரி இருக்கு. பழைய லேபலக் கழட்டிட்டு புதுச ஒட்டினா என்ன? நான் எதிர்க்கல்லயே. பேரைத் தாறன் எண்டுதானே சொல்லுறன்."

நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அவர் கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவளிடம் கெஞ்சுகிற குரலில் பேசினார்.

"கேதீஸ்வரி, நீங்க சொன்னா இவ செய்வா. ஐந்நூற்றி எண்பத்தேழு இடத்தில என்ட பேர் இப்பிடிக் கிடந்தா... பின்னுக்கு வாற ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

கேதீஸ்வரி கையிலிருந்த பசைத்தூரிகையைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. லேப்பில் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள்.

"கழட்டப்படாது சேர். பிழை எண்டாலும் இருக்கவேணும் எண்டு நீங்கதானே சொன்ன. ஆர் பிழை விட்டது, ஆர் திருத்தினது எண்டு பின்னுக்கு வாற ஆளுக்குத் தெரியவேணும்."

சேர் பைக்கற்றை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு நியமனக் கடிதம் ஆவணியில் வந்தது. இப்போது அலுமாரிச் சாவி அவளுடைய இடுப்பில்.

அன்று சேர் போனபின் நான் அடுத்த லேபலை அடித்தேன். அவள் ஒட்டுவதற்காகப் பைக்கற்றை என் பக்கம் நகர்த்தினாள். பழைய லேபலின் மூலையில் ஜெ.ம. என்று என் எழுத்து. "அக்கா, இது?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கட்டும் புள்ள," என்றேன். "அதையும் கழட்டாத."